கரண்ட் பெட்டி முதல் தையல் கடை வரை

அன்று மாலை தையல் கடையில் கூடியவர்கள் நான்கு பேர். கடைக்காரம்மா, இடது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை மாவுக்கட்டோடு, தைக்க முடியாத மெஷின் முன்னால் தன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். கைவைத்த ஒரே நாற்காலியில் எதிர்க் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மருந்துக் கடைக்காரர் பக்கத்திலிருந்த தன் கடையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வசதியாக வாசற்படியில், பாதி உள்ளே, பாதி வெளியே. துணி வெட்டும் மேசையின் மூலையில், கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டு, முழுத் தாளின் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து வைத்துக்கொண்டு கிளார்க். ஐந்தாவதாக ஒருத்தி வருவாள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

கிளார்க் இருபத்தாறு வருஷமாக ஓர் அலுவலகத்தில் தபால் பிரிவு. தெருவில் யாருக்கு எந்தக் கடிதம் வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார வேண்டும். ஒரு தேதி விட்டுப்போனாலும் அவருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி. தன் எழுத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மனைவியின் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தக் கர்வம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். அவள் வேலை பார்த்த ரொட்டிக் கடையை மூடிய பிறகு, ஒன்றரை வருஷமாகச் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அலுவலகத்தில் யாராவது கேட்டால் "போக்குவரத்து சம்பந்தமான வேலை" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டுவார்.

"ஆரம்பிங்க சார்," என்றார் செயலாளர். "இன்ன தேதி, மாலை ஐந்தரை மணிக்கு, அடையாளம் தெரியாத ஒரு டெலிவரிப் பையன், நடைபாதையில் கண்மண் தெரியாமல் வந்து..."

கிளார்க் எழுதிக்கொண்டே வந்தார். சம்பவம் தெருவுக்கே தெரிந்ததுதான். ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு துணிக்கு நூல் நிறம் பொருந்துகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கடைக்காரம்மா வாசலிறங்கினார். ட்யூப் லைட்டில் பார்த்தால் எல்லா நீலமும் ஒரே நீலம். மெஷின்காரி பார்ப்பது நூலை. சைக்கிள் பார்ப்பது நேரத்தை. கடையைத் தாண்டியுள்ள கரண்ட் பெட்டி நடைபாதையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. அதைச் சுற்றி வந்த சைக்கிளின் ஹேண்டில் அவர் கையில் இடித்தது. விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்து, மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டு, அந்த ஆள் மறுபடி சைக்கிளேறிப் போய்விட்டது. தலையில் ஹெல்மெட், முகத்தில் தூசிக்குத் துணி, உடம்பில் டெலிவரி ஆட்கள் எல்லாரும் போடுகிற அதே ஆரஞ்சுச் சட்டை.

"அந்தச் சட்டையில இருக்கற நம்பர் மட்டும் கிடைச்சாப் போதும்," என்றார் செயலாளர். "காயம் பட்டுச்சுன்னு நம்பரோட புகார் போனா, கம்பெனியில அன்னைக்கே ஆளைத் தூக்கிடுவாங்க. ஒருத்தன் வேலை போனாத்தான் மத்தவனுக்குப் புத்தி வரும்."

"நம்பர் கிடைச்சிடும்," என்று ஒரு குரல் வாசலிலிருந்து வந்தது.

மருந்துக் கடைக்காரர் காலை மடக்கி வழிவிட்டார். கிளார்க்கின் மனைவி உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் அதன் தடம் ஒரு கோடாகப் பதிந்திருந்தது. காலையில் அவர், "சாயங்காலம் தையல்கடைப் புகாரை எழுதப் போறேன்" என்று சொன்னபோது அவள் செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டே, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தாள். அது எதற்கு என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"பையன் இல்லீங்க. நான்தான்," என்றாள்.

கிளார்க்கின் பேனா தாளில் நின்ற இடத்தில் ஒரு பொட்டு மை பரவியது. காது மடல் சுட்டது. ஒன்பது நாளாக அவள் இரவுச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைத்ததையும், வழக்கத்தைவிடத் தாமதமாக வந்ததையும், கேட்டால் "வெயில்" என்றதையும் அவர் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கு போங்க," என்றார் செயலாளர். "புகார் எழுதற வீட்டுலயே ஆளு. இனி சார் எழுதினா மை எங்க வரும்? தண்ணிதான் வரும்."

"என்னை மன்னிச்சிடுங்கக்கா," என்று அவள் கடைக்காரம்மாவிடம் போய் நின்றாள். "அன்னைக்கே துணியை எடுத்துட்டு முகத்தைக் காட்டியிருக்கணும். பயந்துட்டேன்."

கடைக்காரம்மா நல்ல கையால் அவளுடைய ஆரஞ்சுச் சட்டையின் தோளைப் பிடித்து, தையலை விரலால் தடவினார். "இந்தக் கம்பெனி பெரிய ஆம்பிளை சைஸ்லதானே சட்டை தருது? தோளை யாரு பிடிச்சுக் குடுத்தா? என் கை போட்ட தையல் எனக்குத் தெரியாதா? தூக்கி உட்கார வச்சப்பவே தெரியும்டி."

"தெரிஞ்சுமா சொல்லல?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"சொல்லத்தான் இருந்தேன். கோபம் எனக்கு இல்லையா? கை போனா என் பிழைப்பே போச்சு. மறுநாள் பார்த்தா கரண்ட் பெட்டிக்கிட்ட இவ இறங்கி, சைக்கிளை உருட்டிட்டே போறா. அதுக்கு அடுத்த நாளும் அப்படித்தான். ஒன்பது நாளும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். இவளா வாயைத் திறக்கட்டும்னு பார்த்தேன். திறந்துட்டா."

செயலாளர் நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப கடிதம் வேண்டாமா?"

"வேணும்," என்றாள் கிளார்க்கின் மனைவி. "என் நம்பரைப் போட்டே அனுப்புங்க. ஆனா இன்னொண்ணையும் சேர்த்து எழுதணும். இது ஒருவழித் தெரு. ரோட்டுல சுத்தி வந்தா நாலு நிமிஷம். நடைபாதையில ஏறினா ஒண்ணு. எல்லாரும் ஏறி ஏறியே, இப்ப போன்ல எங்களுக்குக் குடுக்கற நேரமே ஒரு நிமிஷம்னு ஆயிடுச்சு. இறங்கி உருட்டறவ தினமும் லேட். ஒன்பது நாள்ல எனக்கு நாலு தடவை எச்சரிக்கை வந்தாச்சு. ஒருத்தியைத் தூக்கினா, நாளைக்கு என் இடத்துல வர்றவனும் இதே பாதையிலதான் ஏறுவான். நாலு நிமிஷம் குடுக்கச் சொல்லுங்க."

"வேலை போயிடும்," என்றார் கிளார்க், மெதுவாக. கடைக்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"போகலாம்." அவள் அவரைப் பார்த்தாள். "இருந்தாலும் நீங்கதான் எழுதணும். நீங்க எழுதினா ஒண்ணும் விட்டுப்போகாது."

அவர் மைப்பொட்டு விழுந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளின் ஓரத்தை மடித்தார். தேதி, நேரம், இடம். கடைக்காரம்மா தன் அளவு நாடாவை நீட்ட, மருந்துக் கடைக்காரர் வெளியே போய்க் கரண்ட் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பிடித்துப் பார்த்துவிட்டு, "முப்பத்தொரு இஞ்ச்!" என்று தெருவிலிருந்தே கத்தினார். அதையும் கிளார்க் எழுதினார். காயத்தை எழுதினார். ஒன்பது நாள் உருட்டியதை எழுதினார். நாலு நிமிஷத்தைக் கோரிக்கை என்ற தலைப்பில் தனியாக எழுதினார். ஓட்டுநர் எண்ணுக்கு வந்தபோது சட்டையின் மார்பில் அச்சடித்திருந்ததைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக எழுதி, ஒருமுறை சரிபார்த்தார். பிறகு பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் இருந்தார். இருபத்தாறு வருஷத்தில் எந்தக் கடிதத்திலும் சொந்த விஷயம் ஒரு வரி எழுதியதில்லை. அடுத்த வரியில், நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'மேற்படி ஓட்டுநர் இக்கடிதத்தை எழுதுபவரின் மனைவி.'

வாசித்துக் காட்டியபோது, அந்த வரியில் அவர் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிர்த்து ஏதோ சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்தார். பிறகு பேனாவை வாங்கி, கடைக்காரம்மாவின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

உறையின் மடிப்பில் பசை தடவியதும் கடைக்காரம்மா, ஆறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை நல்ல கையால் தூக்கி அதன்மேல் வைத்தார். துணி மடிப்பைப் படியவைக்கிற அதே அழுத்தம். எடுத்தபோது விளிம்பு கத்தி மாதிரி படிந்திருந்தது.

"நானே கொண்டுபோறேன்," என்று கிளார்க்கின் மனைவி உறையை வாங்கிக்கொண்டாள். "அடுத்த ஆர்டர் எங்க கம்பெனி ஆபீஸ் வழியாத்தான்."

"குடுத்ததுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோ," என்றார் கிளார்க்.

"டெலிவரி பண்றதை எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அவர் அவள் பின்னாலேயே வாசலுக்கு வந்தார். உறை ஆரஞ்சுப் பைக்குள் போயிற்று. ஹேண்டிலில் மாட்டியிருந்த போன் நேரமாயிற்று என்று கூவத் தொடங்கியது. அவள் ஏறவில்லை. சக்கரம் டிக் டிக்கென்று சத்தமிட, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். கரண்ட் பெட்டியருகே எதிரே ஒருவர் கைக்குழந்தையோடு வந்தார். அவள் சைக்கிளைச் சுவரோடு சாய்த்து, தானும் ஒடுங்கி நின்றாள். போன் விடாமல் கூவியது. குழந்தை அந்தச் சத்தத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடந்து போயிற்று. அதன் பிறகுதான் அவள் சைக்கிளை நடைபாதையிலிருந்து இறக்கி, சுற்றிப் போகிற ரோட்டின் பக்கம் திருப்பி, காலைத் தூக்கிப் போட்டாள்.