பாறைமேல் படிக்கத் தகுந்த சைபர்பங்க்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. “படிக்கத் தகுந்த சைபர்பங்க் புனைவுகள் ஐந்து, எண்ணூறு வார்த்தையில ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க சார்” என்று கேட்டார் பத்திரிகை ஆசிரியர் புருஷோத்தமன். சரி என்று சொல்லித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயிற்று. இப்போது குத்துகிறது, குடைகிறது.

சைபர்பங்க் என்றால் என்னவென்று முதல் பத்தியில் விளக்க வேண்டுமாம். கருவிகள் எங்கேயோ உயரத்தில், மனிதர்கள் சாக்கடையோரத்தில். கம்பெனிகளின் ராஜ்யம், ஓயாத மழை, மண்டைக்குள் வயரைச் சொருகிக்கொண்ட ஒரு திருடன். விளக்கியாயிற்று, ஆளை விடுங்கள்.

முதல் தொடக்கம்: ‘சைபர்பங்க் என்பது எதிர்காலம் அல்ல, அது நம் நிகழ்காலத்தின்…’

(நிறுத்து. இந்த வாக்கியத்தை எனக்கு முன்னால் நூறு பேர் எழுதிவிட்டார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: ‘நியான் வெளிச்சத்தில் நனைந்தபடி அருணா…’

(கதையை ஜவ்வாது மலையில் வைக்க நினைத்திருந்தேன். அங்கே ஏதய்யா நியான்?)

ஆனால் அருணா என்ற பெயர் மட்டும் பிடித்திருந்தது. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

2

அருணாவுக்கு இருபத்து நான்கு வயது. மலையை விட்டுக் கீழே போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சொந்த ஊரான நெல்லிவாசல்நாட்டுக்கே திரும்பி வந்தவள். ஊராருக்கு ஆன்லைனில் மனு போட்டுக் கொடுக்கிறாள். இந்த மலையில் சைபர்பங்க் படித்திருக்கக்கூடிய ஆள் அவள்தான் என்று முடிவு கட்டி, தடித்த புத்தகம் ஒன்றை அவள் கையில் திணித்து, ரேஷன் வரிசையில் நிறுத்தினேன். சும்மா நிற்கிற நேரத்தில் நாலு பேருக்குச் சிபாரிசு செய்யட்டுமே!

வரிசை கடை முன்னால் இல்லை, பாறைமேல் இருந்தது.

(குறிப்பு: இந்தக் கதையின் ஊரில் அரிசி கடையில் இருக்கும், டவர் பாறைமேல்தான் கிடைக்கும். விற்பனையாளர் கோகுல்ராஜ் கைரேகை மிஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறுவான். அட்டைக்காரர்கள் பின்னாலேயே ஏறி, விரலை வைத்து, ரசீதை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அரிசி வாங்குவார்கள். புருஷோத்தமன் இதை நம்பவில்லை. மண்டைக்குள் வயர் போவதை மட்டும் உடனே நம்பினார்.)

3

ஒரு மணி நேரமாக டவர் வரவில்லை. அருணா புத்தகத்தைத் திறந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கதாநாயகன் பின்னங்கழுத்தில் வயரைச் சொருகுகிறான். ஒரே நொடியில் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் உள்ளே போய்விடுகிறான்.

“நில்லு, நில்லு” என்றாள் மாதம்மாள். புளி உடைத்துப் பிழைக்கிறவள், அருணாவுக்கு அத்தை முறை. “ஒரே நொடியிலயா? அவனுக்கு மட்டும் எப்பிடி டவர் கெடைச்சுது?”

“கதை அத்தே.”

“கதைன்னா? ஒரு வட்டம் சுத்திக்கினே இருக்குமே, அது சுத்தாதா?”

“சுத்தாது.”

“அப்ப பொய்யி.”

பின்னால் நின்ற ரங்கன் எட்டிப் பார்த்தார். “ஏம்மா, அவன் இன்னா துன்றான்? காலைலேந்து ஓடிக்கினே கீறானே!”

அருணா பக்கங்களைப் புரட்டினாள். முந்நூறு பக்கத்தில் அவன் ஒரு வாய் சோறு தின்றதாக இல்லை. அவளுக்கு எரிச்சல் வந்தது. இந்தப் புத்தகத்தைத் தன் கையில் திணித்த என் மேல்தான் வந்தது.

எனக்குப் பட்டியல் கிடைத்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள் புருஷோத்தமன். அந்த வட்டம் சுற்றுகிற கதையைப் படியுங்கள். கருவி பழுதானால் அது யார் தலையில் விடிகிறது என்று சொல்கிற கதையைப் படியுங்கள். திருடனுக்குப் பசிக்க வேண்டும். ‘முடியாது’ என்று சொல்வது மிஷினா, மிஷினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மனிதனா என்று விடாமல் நச்சரிக்க வேண்டும். மழையையும் விளக்கையும் பத்துப் பக்கத்துக்கு வர்ணிக்கிற புத்தகம் எத்தனை கனமாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். ஐந்தாவது என்ன என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியவில்லை.

4

“வந்துட்ச்சு! வாங்க, வாங்க!” என்று கத்தினான் கோகுல்ராஜ்.

மாதம்மாள் கட்டைவிரலை வைத்தாள். வட்டம் சுற்றியது. சிவப்பு விளக்கு. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். சிவப்பு.

“அக்கா, ரெண்டு மாசமா பதியல. இன்னிக்கும் பதியலன்னா அட்டை முடங்கிடும். இன்னிக்குத்தான் கடைசி நாளு. இன்னொருக்கா தப்பாச்சுன்னா மிஷின் உங்க பேரை லாக் பண்ணிடும்.”

அட்டையில் இருப்பது இரண்டே பேர், அவளும் ஆறு வயது மகளும். குழந்தையின் விரலை மிஷின் கேட்பதில்லை. மாதம்மாளின் மற்ற ஒன்பது விரல்களையும் போன மாதமே பார்த்தாகிவிட்டது.

அருணா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நுனி வழவழவென்று, வெந்த தோலாகச் சிவந்திருந்தது.

“இன்னா பண்ணீங்க அத்தே?”

“புளிக்கறையைத்தான் மிஷினுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். நேத்து சுண்ணாம்பு போட்டு நல்லாத் தேய்ச்சேன். சுத்தமா வரணுமேன்னு.”

புளி அரித்தது போக மிச்சம் மீதி இருந்த ரேகையும் போய்விட்டிருந்தது. ‘என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?’ என்று அருணாவுக்கு ஆத்திரம் பொங்கியது. மாதம்மாள் மேலா ஆத்திரப்படுகிறோம் என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

5

இங்கேதான் முடிக்க வேண்டும்.

முடிவு ஒன்று: அருணா லேப்டாப்பைத் திறந்தாள். விரல்கள் பறந்தன. சர்வரின் பூட்டுகள் ஒவ்வொன்றாக…

(அவளிடம் லேப்டாப் கிடையாது, போன் மட்டும்தான். அவளுக்குத் தெரிந்தது மனு எழுத. பதில் வர நாற்பது நாள்.)

முடிவு இரண்டு: சிவப்பு. மாதம்மாள் காலிப் பையோடு பாறையிலிருந்து மெல்ல இறங்கினாள். மேற்கே சூரியன்…

(புருஷோத்தமன் “உருக்கமா இருக்கு சார்” என்பார். அந்த உருக்கத்தை உலையில் போட்டால் வேகுமா?)

முடிவு மூன்று: எழுதத் தொடங்குவதற்குள் மாதம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

“யோவ், நீதான எழுதுற?”

“ஆமாம்மா.”

“அப்ப ஒரு பச்ச லைட்டு எழுத இன்னா கேடு ஒனக்கு?”

“பொய்யாயிடும்மா. ஒரே நொடியில டவர் கெடைச்சதையே நீங்கதான பொய்யின்னு சொன்னீங்க?”

“அது அவன் கதை. இது என் அரிசி. எழுதுய்யா.”

அருணா புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “எழுதுங்க சார்” என்றாள். “உங்க கையில அது ஒண்ணுதான இருக்குது?”

தலையில் அடித்துக்கொண்டு எழுதினேன். மாதம்மாள் மூன்றாம் முறை விரலை வைத்தாள். வட்டம் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. கோகுல்ராஜ் ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். ரங்கன் “அடி சக்கை!” என்றார். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்?

மாதம்மாள் இறங்கிப் போகவில்லை. ரசீதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, வெந்த விரலை என் முன்னால் நீட்டினாள்.

“அடுத்த மாசமும் வந்து எழுதுவியா?”

அடுத்த மாதத்துக்குப் புருஷோத்தமன் வேறு தலைப்பு கொடுத்திருக்கிறார். அதை இந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வேன்? அவள் இன்னும் பாறைமேல் நிற்கிறாள், விரலை மடக்கவில்லை. என்னால் ஆகாது. இவ்வளவு தூரம் படித்தவர் நீங்கள், நீங்களே அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.