ரத்து கொடுத்தால் ரத்தாகாது

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். நான் கணினியில் தட்டச்சு செய்வேன். மேலாளரை வாய்க்கு வந்தபடி எழுதித் தீர்த்துவிட்டு மூடுவேன். எந்தப் பெயரில் சேமிக்க என்று எடிட்டர் மென்பொருள் கேட்கும். ‘ரத்து’ அழுத்துவேன். எழுதியதும் போய்விடும், தலைவலியும் போய்விடும். இரண்டு வருடமாக இந்த மருந்தில்தான் காலம் ஓடியது. என் கணவருக்கு எங்கள் நிறுவனத்தின் கடலோரக் கிளையில் வேலை. அங்கே மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனு, மேலாளரின் மேஜையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

அன்று தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி அம்மா வருவதாக இருந்தது. மேலாளருக்கு வரவேற்புரை எழுதிச் சேமித்த கையோடு மனுவைப் பற்றிக் கேட்டேன். “பாக்கலாம்மா” என்றார். பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன், ரத்து கொடுத்தேன், நிம்மதியாகக் கூட்டத்துக்குப் போனேன்.

மேலாளர் உரையை முன்கூட்டிப் படிக்கவே மாட்டார். கோப்பைத் திறந்து அச்செடுத்து நேரே மேடைக்குப் போய்விடுவார். ‘உங்கள்’ என்று வரும் இடத்திலெல்லாம் விருந்தினரைப் பார்த்து ஒரு கும்பிடு போடச் சொல்லிப் பழக்கியது நான்தான்.

“உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?” என்று ஆரம்பித்து, அதிகாரி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அது நான் திட்டி எழுதியது. என் பக்கத்தில் கணினிப் பிரிவுக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் எடிட்டரை எழுதியவரே அவர்தான். “ரத்துதானே சார் கொடுத்தேன்!” என்று அவர் காதைக் கடித்தேன்.

“நேத்துதான் மாத்தினேன்” என்றார் பெருமையாக. “அவசரத்துல ரத்து அழுத்தி எழுதினத தொலச்சிடுறீங்கல்ல? இனிமே ரத்து கொடுத்தா, கடைசியா சேமிச்ச பேர்லயே சேமிச்சுக்கும்.”

கடைசியாகச் சேமித்தது வரவேற்புரை. நன்றாக இருப்பார் அந்த மனிதர்!

“மாற்றல் மனு இரண்டு வருடமாக உங்கள் டீ கிளாசைத் தாங்குகிறது.” கும்பிடு. “குடும்பம் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். உங்கள் கண்ணில் ஈரமே கிடையாதா?” கும்பிடு. மூன்றாவது வரியில்தான் அவருக்கு உறைத்தது, வேர்த்துக் கொட்டியது. ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்து என்ன பேசுவதென்று காகிதத்தில் இல்லையே.

அதிகாரி அம்மா எழுந்தார். என் வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

“என் முகத்துக்கு நேரா கேட்டுட்டீங்க. கேக்க வேண்டியதுதான்” என்றார். “உங்க மாற்றல் மனு என்கிட்டதான் கெடக்கு. மறந்தே போயிட்டேன். நாளைக்கே கையெழுத்து போட்டுடறேன்.”

மேலாளரும் மாற்றல் கேட்டிருந்தார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் மேலாளர் ஆணையும் கையுமாக என் இடத்துக்கு வந்தார். கடலோரக் கிளை. எனக்கு வயிறு எரிந்தது.

“எழுதினது நீங்கதான்னு தெரியும்மா” என்றார். “உங்கள ஏன் விடலைன்னு நெனக்கிறீங்க? நீங்க போயிட்டா எனக்கு யாரு உரை எழுதுவா? இப்ப நானே அங்கதான் போறேன். இந்தாங்க.” என் மனுவில் கையெழுத்து இருந்தது.

கணவருக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. “என்னங்க, மாற்றல் கெடச்சிருச்சு!”

“அப்பாடா! இனிமே அந்த ஆள் மூஞ்சியில முழிக்க வேணாம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“உங்களுக்குப் புது மேலாளர் யாருன்னு இன்னும் சொல்லலையா?” என்றேன்.