வாழ்த்துரையோடு போன இன்ஸ்டாலர்

அலுவலகத்தில் அவனைப் பொட்டலம் என்றுதான் கூப்பிடுவார்கள். வாகனப் பதிவுத் துறையின் முந்நூற்றுப் பன்னிரண்டு கணினிகளுக்கும் புதிய மென்பொருளைத் தானே நிறுவிக்கொள்ளும் இன்ஸ்டாலர் பொட்டலமாகக் கட்டி, தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே நெட்வொர்க்கில் அனுப்புவது அவன் வேலை. மூன்று வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் உத்தரவு பத்து நாளாக இயக்குநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. அதன்மேல் காப்பிக் கோப்பையின் வட்டம்கூட விழுந்துவிட்டது.

இயக்குநர் குண்டூசி வாங்கினாலும் முன்னுரை எழுதுகிறவர்.

"அப்டேட் போறப்ப என் வாழ்த்துரை திரையில வரணும். போட்டோவோட. படிச்சு ஓகே அழுத்தினாத்தான் மேல போகணும்."

"சார், இது யாருக்கும் தெரியாம பின்னால ஓடுற வேலை..."

"அதான்யா குறை! நல்லது செஞ்சா நாலு பேருக்குத் தெரிய வேணாமா? முடிச்சிட்டு வா, உன் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

புகைப்படம் மட்டும் நான்கு முறை மாறியது. பொட்டலம் தன் கணினியில் இன்ஸ்டாலரைத் தட்டிப் பார்த்தான். இயக்குநர் கைகூப்பிச் சிரித்தார். ஓகே அழுத்தினான். எல்லாம் சுபம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அனுப்பினான். ஒன்பதுக்குக் கவுண்டர்கள் திறக்கும். எட்டே கால்: முந்நூற்றுப் பன்னிரண்டிலும் 'நடக்கிறது'. எட்டரை: அதே 'நடக்கிறது'. எழுந்தான், உட்கார்ந்தான், பட்டியலை இருபது தடவை புதுப்பித்தான், அடையாள அட்டையின் நாடாவைக் கடித்தான். கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. கிளை அலுவலகக் கவுண்டரில் இருக்கும் அக்கா.

"டேய், என்னத்தடா அனுப்பித் தொலைச்சே? பழசு போயிடுச்சு, புதுசு வரல. வெளிய அறுபது பேர் நிக்கிறாங்க."

"அக்கா, திரையில டைரக்டர் படம் வருதா?"

"காலங்காத்தால அந்த மூஞ்சிய வேற பாக்கணுமா?"

"வருதா இல்லையா, சொல்லு!"

"இல்லடா. எப்பவும் இருக்கற பூப்படம்தான் தெரியுது."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. நெட்வொர்க்கில் போகும் இன்ஸ்டாலர், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் திரைக்கு வருவதில்லை. கணினியின் உள்ளறை ஒன்றில் தனியாக வேலை செய்கிறது. அங்கே திறக்கும் பெட்டியைப் பார்க்கக் கண் இல்லை, ஓகே அழுத்தக் கை இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு இருட்டறைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு இயக்குநர்கள் கைகூப்பியபடி, யாராவது சரி சொல்வார்களா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

வாழ்த்துரையை எடுத்தால் உத்தரவு போச்சு. விட்டால் ஒன்பது மணிக்கு எல்லாமே போச்சு. அனுமதி கேட்கலாம், கேட்டால் அதற்கொரு கூட்டம் போடுவார்.

"என்னடா, லைன்ல இருக்கியா?"

"இரு அக்கா, ஒருத்தரை வெளிய அனுப்பணும்."

வாழ்த்துரையைத் திறக்கும் மூன்று வரிகளை இன்ஸ்டாலரிலிருந்து அழித்தான். மாட்டிக்கொண்டவற்றை நிறுத்தி மறுபடி அனுப்பினான். எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியலில் முதல் கணினி பச்சையானது. ஒன்பது நாலுக்கு ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை. அந்த ஒன்றின் பிளக்கைக் கடைசி நேரத்தில் யாரோ போனுக்கு சார்ஜ் போடுவதற்காகப் பிடுங்கியிருந்தார்கள்.

ஒன்பதரைக்கு இயக்குநர் கூப்பிட்டார்.

"எல்லாரும் பாத்தாங்களா?"

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தான். வாய் திறந்ததும் அது மறந்துபோனது. கையிலிருந்த இன்ஸ்டாலர் பதிவுத் தாளில் இருப்பதை அப்படியே படித்தான்.

"சார், முந்நூத்திப் பன்னெண்டு மெஷின்லயும் உங்க வாழ்த்துரை திறந்துச்சு. நாப்பது நிமிஷத்துக்கு மேல அப்படியே இருந்திருக்கு. ஒருத்தர்கூட மூடல சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

அவர் உத்தரவை இழுத்து, காப்பி வட்டத்துக்கு நடுவே கையெழுத்திட்டார். கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் விரிவா எழுதறேன்யா. என் குரல்லயே போட்டுடு."

நிரந்தர ஊழியரின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.