பேர் வராத இடம்

கரும்பலகையில் ஒரு மூளை. இளஞ்சிவப்புச் சாக்பீஸில் வரைந்தது. ஜன்னல் வெயில் அதில் பாதியைத் தின்றிருந்தது.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. மங்கையர்க்கரசி டீச்சரின் உடம்புக்குள் தனியாக ஒரு கோடை. கழுத்தில் கிளம்பும். காதுவரை ஏறும். ரவிக்கையை நனைத்துவிட்டு இறங்கும்.

பத்தொன்பது வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் அவர்தான். வகுப்பில் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. சொந்தமென்று சொல்லிக்கொள்ள அந்தப் பெருமை ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

மாதவிடாய்ச் சுழற்சிப் பாடம். மூளையில் ஆரம்பித்துச் சினைப்பைவரை அம்புக்குறி போட வேண்டும். பிரம்பை வைத்து, "இதுதான்..." என்றார்.

வரவில்லை.

உருவம் தெரிகிறது. உடம்பின் சூட்டைக் காப்பது அதுதான் என்றும் தெரிகிறது. பேர் மட்டும் இல்லை. நேற்றுவரை பேர் இருந்த இடத்தில் வெறும் இடம்.

பின்பெஞ்சில் ஒருத்தி நொடிகளை எண்ணினாள். "பதினெட்டு... பத்தொம்பது..." சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. போன வாரம் டீச்சர் தடுமாறியது பதினொரு நொடிதானாம்.

முதல் பெஞ்சுக் கோமளவல்லி இரக்கப்பட்டு, "ஹைப்போதலாமஸ், மிஸ்" என்றாள். சிரிப்பையாவது தாங்கியிருக்கலாம்.

தலைமையாசிரியை ஞானசுந்தரி கூப்பிட்டனுப்பினார். ஐம்பத்தெட்டு வயது. எல்லாம் தாண்டி வந்தவர், புரிந்துகொள்வார் என்று நம்பித்தான் மங்கையர்க்கரசி வாயைத் திறந்தார். தூக்கமில்லை. வார்த்தை நழுவுகிறது. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாதவிடாய் நிற்கும்போது மூளையும் மாறும், போகப்போகத் தெளியலாம் என்கிறார் டாக்டர்.

"எங்களுக்கெல்லாம் நிக்கலையா டீச்சர்? நான் ஒருநாள் லீவு போட்டிருப்பேனா? பப்ளிக் எக்ஸாம் பிள்ளைங்க. இனிமே தாரணி மிஸ் எடுக்கட்டும். நீங்க லேபைப் பாத்துக்கிடுங்க. இந்த டெஸ்ட் பேப்பர மட்டும் திருத்திக் குடுத்துருங்க."

சொல்லிவிட்டு மின்விசிறியைக் குறைத்தார். அவருக்குக் குளிர்ந்ததாம்.

ஆய்வகத்தில், குப்பிகளில் ஊறும் தவளைகளுக்கு நடுவே உட்கார்ந்து திருத்தினார். ஏழாவது கேள்வி. இரண்டு மதிப்பெண். மாதவிடாய் நின்றபின் பெண்ணிடம் நிகழும் மாற்றம் யாது?

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். "சினைமுட்டை உருவாவது நின்றுவிடும். மற்றபடி அவள் எப்போதும்போல் இருப்பாள்."

அவர் கொடுத்த நோட்ஸ். முப்பது வயதில், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதியது.

முதல் தாளில் அந்த வரியை அடிக்கப் போனார். பிள்ளைகள் என்ன செய்வார்கள், சொல்லிக்கொடுத்ததைத்தானே எழுதியிருக்கிறார்கள். சிவப்பு மையில் இரண்டுக்கு இரண்டு போட்டார். நாற்பத்திரண்டு தாளிலும் போட்டார்.