கடல் விலகிய இரண்டு வார்டுகள்

எங்கள் ஊரில் இருப்பது ஆறு வார்டு. கடல் நான்கு வார்டுகளுக்கு மட்டும்தான் வரும். நாலாம் வார்டுக்கும் ஐந்தாம் வார்டுக்கும் வருவதில்லை. அங்கே கரையில் நின்றால் அடிவானம் வரை வெறும் மணல், இரண்டு பக்கமும் சுவர் வைத்தாற்போலத் தண்ணீர். மீன்கள் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

கடல் விலகுவதற்கு முன்பு எங்கள் ஊர் தலை குனிந்து யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்கும் முன் வார்டை விசாரிப்பார்கள். நாலாம் வார்டு நாய் ஐந்தாம் வார்டுக் கம்பத்தில் காலைத் தூக்காது. கடலுக்குள்ளும் எல்லை உண்டு. பாதி வெள்ளை, பாதி நீலம் அடித்த பீப்பாய் ஒன்று அங்கே மிதந்தது. விபத்தே நடக்காத வார்டுக்கு நகராட்சி ஆண்டுதோறும் ஒரு கேடயம் கொடுத்தது. எந்த வார்டின் மீட்புப் படகு போகிறதோ அந்த வார்டின் தலையில் விபத்து எழுதப்படும். நாலாம் வார்டுக் கவுன்சிலரான ஐஸ் ஃபாக்டரிக்காரரும், ஐந்தாம் வார்டுக் கவுன்சிலரான அவருடைய தங்கை புருஷனும் கேடயத்தை மாறி மாறி வாங்கி வந்தார்கள்.

ஒரு காற்றுக்காலக் காலையில் வலை பின்னுகிறவரின் தோணி கவிழ்ந்தது. மனிதர் போயும் போயும் அந்தப் பீப்பாயைக் கட்டிக்கொண்டார். இரண்டு படகுகளும் புதுப் பெயின்ட் வாசனையோடு கரையில் பூட்டிக் கிடந்தன.

"மாப்ளே, வலது கை உங்க பக்கம் இருக்கு" என்றார் ஐஸ் ஃபாக்டரிக்காரர்.

"தலை உங்க பக்கம் சாஞ்சிருக்கே மச்சான். தலைதானே கணக்கு" என்றார் மற்றவர்.

அடுப்படி நாலிலும் கட்டில் ஐந்திலுமாக இருக்கும் எல்லை வீட்டிலிருந்து, வலைக்காரரின் மனைவியான தையல்காரி, பாதி தைத்த சட்டையும் கையுமாக ஓடி வந்தாள். இருவரிடமும் சாவி கேட்டாள். இருவரும் பீப்பாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டாள்.

"அண்ணே, அவரு செத்தா எந்த வார்டுல எழுதுவீங்க?"

கரையில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஐந்தாயிரம் என்றும் சொல்லலாம். கூசிக் குறுகி நின்றதால் சரியாக எண்ண முடியவில்லை.

கடலுக்குத்தான் பொறுக்கவில்லை. பீப்பாயோடு அவரைத் தூக்கிக்கொண்டு, கவுன்சிலர்களின் செருப்புகூட நனையாமல் ஒதுங்கிப் போய், தெருவில் ஏறி, எல்லை வீட்டு வாசலில் இறக்கி வைத்தது. அவர் இருமினார். வந்த வழியே திரும்பிய கடல் இரண்டு வார்டுகளையும் விட்டு ஒரேயடியாக விலகிக்கொண்டது.

படகு எதுவும் போகாததால் அந்த ஆண்டு கேடயம் இரண்டு வார்டுக்கும் கிடைத்தது. வாங்க யாரும் வரவில்லை. காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க நகராட்சி ஆபீசில் இன்னும் அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். படகுகளில் கோழி முட்டையிடுகிறது.

எல்லை வீட்டு வாசலுக்கு மட்டும் தினமும் காலையில் ஒரு பாய் அகலத்துக்குக் கடல் வரும். வலைக்காரர் எழுந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போய்விடும். கவுன்சிலர்கள் இருவருக்கும் வயதாகிவிட்டது. கால் நனைக்க ஆசை. ஆறாம் வார்டுக்குப் போகக் கூச்சம். அதனால் அந்த நேரத்துக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோரம் வந்து நிற்பார்கள். தையல்காரி மெஷினை நிறுத்தாமலே ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுவாள். எந்த வார்டு என்று கேட்க மாட்டாள்.