பாட்டுக்கு அடியில்

வீடியோக் கசெற்றைத் தொடவே பயமாக இருந்தது. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வந்த தர்சினி என்கிற பெண் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டுவந்து, சுன்னாகத்திலுள்ள என் ஸ்ரூடியோவில் தந்துவிட்டுப் போய் இரண்டு நாள். நான் பெரிய கெட்டிக்காரன், ஒன்றும் கேட்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய சின்னக் கோப்புத்தான் வேண்டும். நாடாவை ஒருமுறை ஓடவிட்டு, கணினியில் எம்பி4 கோப்பாகப் பிடித்து அனுப்பிவிட்டேன்.

இன்று காலை திரும்பி வந்து நின்றாள்.

"அண்ணை, இதிலை பாட்டுத்தான் கேக்குது. அப்பான்ரை குரல் எங்கை?"

படத்தில் அவளுடைய அப்பா கோபிசங்கர் ஓர் இடத்திலும் இல்லை. கமெராவைப் பிடித்திருந்தவரே அவர்தான். இரண்டு வயதுத் தர்சினி முற்றத்தில் ஓடுகிறாள். பின்னால் நின்று அவர் ஏதோ கதைத்திருக்கத்தான் வேண்டும். அடுத்த வருடமே லொறி அடித்துச் செத்துப்போனார். அவருடைய குரல் வேறெங்கும் இல்லை என்று அவள் அழாமல்தான் சொன்னாள். அந்தப் பாட்டைப் போட்டவன் நான். 2004இல், இதே மேசையில். வெளிநாட்டுச் சொந்தக்காரருக்குப் பிரதி எடுத்து அனுப்புகிற கசெற்றைப் பாட்டில்லாமல் கொடுத்தால், வேலை தெரியாதவன் என்று சனம் ஏசும். கோழி கத்தியதையும் ஆள் கதைத்ததையும் மூடி, தொடக்கம் முதல் முடிவுவரை பாட்டுப் போட்டேன். கோபிசங்கர் பார்த்துவிட்டு "சோக்காய் இருக்குத் தம்பி" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"அழிஞ்சு போச்சுதோ அண்ணை?"

"தெரியேல்லைத் தங்கச்சி."

உண்மையாகவே தெரியவில்லை. அந்தக் காலத்துக் கமெராக்களில் சத்தத்தை ஒரு விதமாகப் பதிந்திருந்தால், பாட்டு இரண்டாவது தடத்தில் ஏறியிருக்கும். குரல் முதல் தடத்தில் அப்படியே கிடக்கும். மற்ற விதமாகப் பதிந்திருந்தால் குரலுக்கு மேலேயே பாட்டு ஏறியிருக்கும். எம்பி4 பிடித்தபோது நான் பாட்டுக் கேட்ட ஒரு தடத்தை மட்டும் எடுத்திருந்தேன்; வேறொன்று இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டையும் எடுக்க வேண்டுமென்றால் நாடாவில் உள்ளதைச் சுருக்காமல் ஏவிஐ ஆகப் பிடிக்க வேண்டும். அதற்குப் பழைய மென்பொருளும், மணித்தியாலத்துக்குப் பதின்மூன்று ஜிபி இடமும் வேண்டும். அதெல்லாம் என்னிடம் இருக்கிறது. ஆனால் போனமுறை ஓடியபோதே நாடாவில் கீறல் விழுந்துவிட்டது. இன்னொரு தரம் தாங்குமோ என்னவோ. அவள் முதல் வந்த அன்றைக்கு, என்ன வேண்டுமென்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

பூஞ்சணத்தை முடிந்தவரை துடைத்தேன்.

"அறுந்தாலும் அறுந்திடும். நீர்தான் சொல்ல வேணும்."

அவள் கசெற்றை என் பக்கம் தள்ளினாள். "ஓட விடுங்கோ அண்ணை."

பிளேயர் முனகிக்கொண்டு நாடாவை இழுத்தது. கரண்ட் போய்விடக்கூடாதே என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். படம் சதுரம் சதுரமாக உடைந்து பிறகு கூடியது. முதல் தடத்துக்கு மாற்றினேன். வெறும் இரைச்சல். பிறகு காற்று. எங்கோ ஒரு கோழி.

"மெல்ல, மெல்ல... விழப்போறாய் பிள்ளை."

கொஞ்சம் மூக்கால் வருகிற, மெலிந்த குரல். தர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். அதேநேரம் பிளேயருக்குள் கரகரவென்று உராயத் தொடங்கியது. நிறுத்தினால் மிச்ச நாடாவையாவது காப்பாற்றலாம். என் விரல் பொத்தானுக்குப் போனது. அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

திரையில் பிள்ளை நேரே கமெராவை நோக்கி ஓடிவந்து கையை நீட்டியது. உள்ளங்கை கண்ணாடியை மூட, எல்லாம் இருட்டானது. அந்த இருட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.