கணக்கு சர்வரில் மை குறைவாக உள்ளது

1

கல்லூரி இதழுக்குக் கோபமான கதை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். இதழின் ஆசிரியர் (மூன்றாம் ஆண்டு வேதியியல், இதுவரை எதையும் படித்ததாகத் தகவல் இல்லை) "சமூகத்தை அப்படியே உலுக்கணும் மச்சி" என்றான். நானும் உலுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போர், பசி, நிலம் என்று பெரிய தலைப்புகளாக எழுதிப் பார்த்தேன். எதற்கும் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது, அதுவும் மரியாதைக்கு.

அப்போது பக்கத்து அறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ரீஸ்டார்ட் பண்ணிட்டேங்க. மறுபடியும் பண்ணிட்டேங்க. காலையிலேர்ந்து அதைத்தாங்க பண்ணிட்டிருக்கேன்."

சுள்ளென்று கோபம் வந்தது. இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "ரௌட்டரின் பச்சை விளக்கு, உறங்காத ஒரு விழியைப் போல" (அடித்துவிட்டேன். அந்த விளக்கு விளக்கைப் போலத்தான் இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான ஆதி உறவில்" (எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களை ஏன் சோதிக்க வேண்டும்.)

மூன்றாம் தொடக்கம்: "அக்கா அழுதாள்."

இதை அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டாள்.

"யாருடா அழுதா?"

"கதையில வர்ற அக்கா."

"அவளுக்கும் எனக்கும் ஒரே லேப்டாப், ஒரே குழந்தை, ஒரே உருப்படாத தம்பி. நான் அழல. பல்லக் கடிச்சிட்டிருக்கேன். அப்படியே எழுது."

அக்கா பல்லைக் கடித்தாள்.

3

வாசகர் தொலைந்துபோகாமல் இருக்க நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்காக நான் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். மாமா வெளியூர் வேலை. வாரக் கடைசியில் வந்து, சாப்பிட்டு, தூங்கி, போவார். அக்காவுக்கு மூன்று வயதில் ஒரு பெண். குழந்தை பிறந்ததும் விட்ட கணக்கு வேலை, நெடுநாள் கழித்து வேறோர் இடத்தில் மறுபடி கிடைத்திருக்கிறது. பயிற்சிக் காலம் இன்னும் முடியவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அந்த அனுமதியின் முதல் நாள் இன்று.

விதி இதுதான். பயிற்சிக் காலத்தில் ஒருமுறை "வீட்டு இணைப்பு சரியில்லை" என்று பதிவானாலும் அனுமதி மறுபரிசீலனைக்குப் போகும். மறுபரிசீலனைக்குப் போன எதுவும் இந்த உலகத்தில் திரும்பி வந்ததில்லை. அனுமதி போனால் வேலையும் போகும்.

வீட்டிலிருந்து ஆபீசுக்குள் போக ஒரு பாதுகாப்பான சுரங்கப்பாதை உண்டு. விபிஎன் என்பார்கள். காலையில் அக்கா அதைத் திறந்தாள். "இணைக்கப்பட்டது" என்று பச்சையில் வந்தது. ஆனால் உள்ளே இருக்க வேண்டிய கணக்குப் பக்கம் திறக்கவில்லை. இன்னொரு மூலையில், அவள் வேலை செய்கிறாளா என்று வேவு பார்க்கும் சின்னப் பெட்டி மட்டும் தவறாமல் இயங்கியது. "ஊழியர் செயலில் இல்லை" என்றது அது.

(குழந்தையை ஒரு இடுப்பிலும் போனை ஒரு தோளிலும் வைத்துக்கொண்டு மேசைக்கடியில் ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தவளைத்தான் சொல்கிறது.)

4

இப்போது வில்லன் வர வேண்டும். ஆபீஸின் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் போனை எடுத்தவர். அவர் முதலில் சொன்ன சொல்லையே பெயராக வைத்துவிட்டோம்: ரீஸ்டார்ட்.

"எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். உங்க ரௌட்டர்தான்."

இணைய நிறுவனத்தை நான் கூப்பிட்டேன். "லைன் பக்காவா இருக்கு சார். ஆபீஸ்ல கேளுங்க."

ஆபீஸில் கேட்டோம். ரீஸ்டார்ட் ஒரு யோசனை சொன்னார். ரௌட்டரை விட்டுவிட்டு, போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று. கொடுத்தோம். கணக்குப் பக்கம் சட்டென்று திறந்தது. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா மேடம். அப்ப வீட்டு ரௌட்டர்தான்."

"சரிங்க. இன்னைக்கு மட்டும் போன்லயே பாத்துக்கறேன்."

"போன் இணைப்புல வேலை பாக்கக் கூடாது மேடம். ரூல்."

ஒருவனைக் கிணற்றில் தள்ளி, கயிற்றைக் காட்டி, கயிறு இருப்பதை நிரூபித்துவிட்டு, கயிற்றோடு வீட்டுக்குப் போவதைப் போல (உவமை நீண்டுவிட்டது. கோபத்தில் இருக்கிறேன்.)

5

இந்த இடத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள். கணக்குப் பக்கம் குடியிருக்கும் ஆபீஸ் கணினியின், அதாவது கணக்கு சர்வரின், எண்ணை நேராகத் தட்டினாள். ஒரு பக்கம் திறந்தது. உடனே ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டாள்.

"திறந்துடுச்சுங்க. ஆனா உங்க கணக்கு சர்வர்ல மை குறைவா இருக்குன்னு வருது."



"என்னது மேடம்?"

"மை. கறுப்பு. நீலம் பாதி இருக்காம்."

"சர்வர்ல மை கிடையாது மேடம்."

"அதத்தாங்க நானும் சொல்றேன். தீர்ந்துபோச்சு."

நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அலமாரி மேல் எங்கள் வீட்டுப் பிரிண்டர் மஞ்சள் விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

ரௌட்டர், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். ஆபீஸிலும் அப்படியே. எங்கள் ரௌட்டர் கடையில் வாங்கியபடியே இருக்கிறது. ஆபீஸ் ரௌட்டரையும் ஒருவர் கடையில் வாங்கியபடியே விட்டிருக்கிறார். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே எண் வரிசை. கணக்கு சர்வரின் எண்ணும் எங்கள் பிரிண்டரின் எண்ணும் ஒன்றே. கணினி எப்போதும் பக்கத்தில் இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடும். "கணக்கு சர்வர்" என்று வருகைப் பதிவு எடுத்தால், கடைசி பெஞ்சிலிருந்து பிரிண்டர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறது. போன் இணைப்பில் பிரிண்டர் இல்லை. ஆகவே சர்வருக்குப் பதிலாகக் குரல் கொடுத்து ப்ராக்ஸி போட ஆளில்லை.*

(* ப்ராக்ஸி பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று துறைத்தலைவர் கேட்க வேண்டாம். இது புனைவு.)

6

"அப்படின்னா வீட்டு நம்பர் வரிசைய மாத்திக்கோங்க மேடம்," என்றார் ரீஸ்டார்ட், ஒன்றுமே நடக்காததுபோல. "நிறைய பேருக்கு இப்படி வருது. எல்லாரும் மாத்திக்கிட்டாங்க."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தாள். "நிறைய பேருக்கா?"

"ஆமா மேடம்."

"அப்ப காலையில ஏங்க சொல்லல?"

அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். பின்னால் ஒரு குழந்தை பாட்டுப் போடச் சொல்லி அழுதுகொண்டிருந்தது. அவரும் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் பேசுகிறார். "எங்களுக்குக் காரணம்னு மூணே மூணுதான் கொடுத்திருக்காங்க மேடம். ஊழியரின் வீடு, ஊழியரின் கணினி, ஊழியரின் கவனக்குறைவு. எங்க பக்கம் தப்புன்னு போட இடமே இல்ல."

வில்லன் கையை விட்டு நழுவியது இங்கேதான். இவரை நன்றாக வெறுக்கலாம் என்று இரண்டு பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். "அவரது குரலில் ஓர் அதிகாரத்தின் வறட்சி" என்று ஆரம்பிக்கும். வீணாகிவிட்டது. இப்போது கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சுடுகிறது.

வீட்டு எண் வரிசையை மாற்றினோம். ரௌட்டரின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் குழந்தை கிழித்து வைத்திருந்ததால், பாதியைப் படித்து, மீதியை ஊகித்து உள்ளே போனோம். டிவி எங்களை மறந்தது. வாசல் கேமரா மறந்தது. பிரிண்டர் நாங்கள் யாரென்றே தெரியாது என்றது. ஒரு குடும்பமே அடையாளம் மாறிய பிறகு, பிற்பகலில் கணக்குப் பக்கம் திறந்தது. ஆபீஸில் ஒரு திருகாணிகூட அசையவில்லை.

7

இனி முடிவுகள்.

முடிவு அ: அக்கா நிம்மதியாக வேலையைத் தொடங்கினாள். (ஆசிரியருக்குப் பிடிக்கும். பொய்.)

முடிவு ஆ: அக்கா லேப்டாப்பை ஜன்னல் வழியே எறிந்தாள். (அது ஆபீஸ் லேப்டாப். கதையிலும் பிடித்துக்கொள்வார்கள்.)

நடந்தது: சற்று நேரத்தில் திரையில் ஒரு பெட்டி வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. காரணம்: ஊழியரின் வீடு." கீழே இரண்டு பொத்தான்கள். ஒத்துக்கொள்கிறேன். மறுக்கிறேன்.

"ஒத்துக்கிறேன்னு போட்டா ஒண்ணுமே கேக்கல," என்றாள் அக்கா. "மறுக்கிறேன்னு போட்டா விளக்கம் எழுதச் சொல்லுது. அதையும் நெட்வொர்க் தலைவர்தான் விசாரிப்பாராம்."

"அந்த நம்பரெல்லாம் கொடுத்தவர்?"

"அவரேதான். பயிற்சிக் காலத்துல இருக்கறவ அவர்கிட்டப் போய் உங்க தப்புன்னு சொல்லணும்."

"ஒத்துக்கிட்டா?"

"அனுமதி மறுபரிசீலனைக்குப் போகும். எனக்கு முன்னாடி மாத்திக்கிட்டாங்களே நிறைய பேர், அவங்க மாதிரி நானும் ஒருத்தி. எனக்கப்புறம் வர்றவ வீட்லயும் எவனாவது மை தீர்ந்து போய் உக்காந்திருப்பான்."

எனக்குப் பரவசம். கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அவள் விரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவே நிற்கிறது, நான் இங்கேயே நிறுத்திவிடுகிறேன், முடிவை வாசகரே

"நிறுத்தாத," என்றாள் அக்கா. "கீழ என்ன போட்டிருக்கு, படி."

படித்தேன். மிகச் சிறிய எழுத்து. "நாளை மாலைக்குள் பதில் இல்லையெனில் ஊழியர் ஒத்துக்கொண்டதாகக் கருதப்படும்."

"நீ அந்தரத்துல விட்டேன்னா அது அவங்க பக்கம் போய் விழுந்துடும்டா. இதுல நடுவுல நிக்க இடமே வைக்கல."

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே அழகான முடிவும் போயிற்று. அக்கா மறுக்கிறேன் என்பதை அழுத்திவிட்டாள். விளக்கப் பெட்டியில் "ஐயா, எங்கள் வீட்டில் தவறில்லை" என்று தொடங்கி, அழித்து, "ஐயா"வையும் அழித்து, மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறாள். அனுப்பும் பொத்தானை இன்னும் தொடவில்லை. குழந்தை மடியில் ஏறி, அவளோடு சேர்ந்து சில எழுத்துகளைத் தட்டுகிறது. அவற்றையும் அழிக்கிறாள்.

முடிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அனுப்பினாளா, இல்லையா, பிறகு என்ன ஆனது என்பதை நீங்களே சொல்லுங்கள். வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் வாசகருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. எனக்கு அந்த வசதியை யாரும் தரவில்லை. நானும் தருவதாக இல்லை. எதுவும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினால், தவறு எங்கள் வீட்டில்தான் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாகக் கருதப்படும்.